வெறும் வீட்டில் படுத்த நரி

அம்மம்மாவின் கதைகளில் ஓநாய் வந்ததே இல்லை. இலங்கைக் காடுகளில் ஓநாய் கிடையாது, நரிதான். ஆகவே சிவப்புத் தொப்பிக்காரப் பிள்ளையைத் தின்னக் காத்திருந்ததும் நரி. பிள்ளை பாட்டிக்குக் கொண்டுபோனது ஒரு குட்டான் பனங்கட்டியும் ஒடியல் பிட்டும். சுதுமலை வீட்டு விறாந்தையில் இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டையால் இடம்பெயர்ந்து, மழைக்குள் செம்மணி வெளியால் நடந்து நாவற்குழிப் பாலம் கடந்தோம். எனக்கு எட்டு வயது. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை மூன்று குடும்பங்கள் சீலை கட்டிப் பிரித்துக்கொண்டோம். அங்கே ஒரு இரவு அம்மம்மா அதே கதையைச் சொன்னா. முடிவு மட்டும் வேறு. நரி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகுது, பாட்டியைக் காணேல்லை. அவவும் இடம்பெயர்ந்திட்டா.

“அப்ப நரி என்னத்தைத் திண்டது, அம்மம்மா?”

“ஒண்டுமில்லை ராசா. அடுப்பும் நூந்து கிடந்தது. அது வெறும் வயித்தோடை படுத்திட்டுது, பாவம்.”

தின்ன வந்த நரிக்கு அவ ஏன் பாவப்பட்டா என்று எனக்கு அன்று விளங்கவில்லை.

போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சான் ‘ஃபேபிள்ஸ்’ கொமிக்ஸ் தொகுதிகள் சிலவற்றைத் தந்துவிட்டுப் போனான். பில் வில்லிங்ஹாம் எழுதி 2002இல் தொடங்கிய தொடர். தேவதைக் கதை ஆட்கள் எல்லாரும் தங்கள் ஊர்களைப் படையெடுப்பில் பறிகொடுத்துவிட்டு நியூயோர்க்கில் ஒளித்து வாழுகிறார்கள். ஸ்னோ வைட் துணை மேயர். கணக்கும் முறைப்பாடும் அவளுடைய மேசையில். அழகு இளவரசனை அவளோடு சேர்த்து மூன்று கதாநாயகிகள் கட்டி விவாகரத்தும் செய்தாயிற்று. மனித உருவம் எடுக்க முடியாதவர்களை நகரத்துக்கு வெளியே ஒரு பண்ணையில் வைத்திருக்கிறார்கள். மூன்று பன்றிக்குட்டிகளும் அங்கேதான். அந்தப் பகுதியை வாசிக்க வாசிக்க எனக்கு வகுப்பறைச் சீலைகள்தான் கண்ணுக்குள் வந்தன.

ஓநாய்தான் நகரத்தில் காவல் அதிகாரி. பழைய குற்றங்கள் எல்லாருக்கும் பொதுவாக மன்னிக்கப்பட்டதால் அவனும் அவர்களோடு இருக்கலாம். கசங்கிய கோட்டும் சிகரெட்டுமாகத் திரிகிறான். அவனைக் கண்டவுடன் அம்மம்மாவின் “பாவம்” காதில் கேட்டது. ஊர் போனபிறகு தின்றவனும் தப்பினவனும் ஒரே கட்டிடத்தில் இருக்கவேண்டியதுதானே.

என்னை உலுப்பியது தவளை இளவரசன். ஈ தின்ற குற்றத்துக்குத் தண்டனையாக அந்தக் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கிறான். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. அவனுடைய மனைவி பிள்ளைகள் படையெடுப்பில் செத்துப்போனார்கள் என்பது பிறகுதான் தெரியவரும். திரும்பிப் போய் அவன் துடைப்பத்தோடு நிற்கிற பழைய பக்கங்களை எல்லாம் மறுபடி பார்த்தேன். இப்படி மும்முரமாக முற்றம் கூட்டிய ஆட்களை நான் கொடிகாமத்தில் கண்டிருக்கிறேன்.

பகலில் கலியாண அழைப்பிதழும், செத்தவர்களின் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகமும் வடிவமைப்பது என் தொழில். இரவில் அம்மம்மாவின் நரியைக் கொமிக்ஸாகக் கீறத் தொடங்கியிருக்கிறேன். ஃபேபிள்ஸின் பெரும்பகுதியைக் கீறிய மார்க் பக்கிங்ஹாம், கதை நடக்கும் இடத்துக்கு ஏற்றபடி பக்கத்தின் இரு கரையிலும் அலங்காரம் வைப்பார். அதைப் பார்த்து நானும் என் கரைகளில் பனை மட்டை வைத்தேன். நரி வந்துவிட்டது. நூந்த அடுப்பும் வந்துவிட்டது.

கதவைக் கீறுவதில்தான் தடைப்பட்டு நிற்கிறேன். 1996இல் நாங்கள் சுதுமலைக்குத் திரும்பியபோது கதவு நிலை மட்டும் நின்றது. நீலப் பெயின்ற் ஞாபகம், கொண்டியின் சத்தம் ஞாபகம். எந்தப் பக்கம் திறக்கும்? அம்மா வலப்பக்கம் என்கிறா. ரொறன்ரோவில் இருக்கிற சித்தியிடம் வட்ஸ்அப்பில் கேட்டேன். “இடப்பக்கம்தான் தம்பி, நான் எத்தினை தரம் அதிலை விரல் நசுக்கினனான்” என்கிறா.

அந்தக் கட்டத்தை இன்னும் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.