கன்சோலில் வராத டிபக் வரிகள்

ஆர்ம் போர்டு ஒன்றில் ஐ2சி என்ற இரு கம்பித் தொடர்பு வழியாக இணைத்த அசைவு சென்சார். நொடிக்கு 200 சாம்பிள், அதாவது 5 மில்லிசெகண்டுக்கு ஒன்று. நாளைக்கு ஓரிரு முறை டேட்டா வருவது அப்படியே நின்றுவிடும். சென்சாரை இயக்கும் நிரலான டிரைவர் மாட்யூலைக் கெர்னலிலிருந்து கழற்றி மறுபடி ஏற்றினால் ஓடும். லினக்ஸ் டிரைவரை எழுதியவன் நான்தான், வேறு யாரையும் திட்ட வழியில்லை.

முதலில் எல்லோரும் செய்வதையே செய்தேன். புது டேட்டா வந்ததைச் சென்சார் அறிவிக்கும் சிக்னல் இன்டரப்ட்; அதைக் கேட்டு எழும் ஹேண்ட்லர் படிக்கும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஒரு பிரிண்ட்கே, அதாவது கெர்னலின் பிரிண்ட். அப்புறம் ஏற்றிய சில நொடிகளிலேயே நின்றது. கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அந்த வரிகள் வெளியே வரும் சீரியல் கன்சோல் 1,15,200 பாட், அதாவது நொடிக்கு அத்தனை பிட்; ஒரு எழுத்துக்கு 10 பிட், ஆக நொடிக்கு 11,520 எழுத்து. 70 எழுத்து வரி ஒன்று வெளியே போகவே 6 மில்லிசெகண்ட். 5 மில்லிசெகண்டுக்கு ஒருவர் வந்து நிற்கும் வாசலில், ஒவ்வொருவரைப் பற்றியும் 6 மில்லிசெகண்ட் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். பிரிண்ட் செய்த கோளாறு என்று அதைத் தூக்கினேன்.

வேண்டும்போது மட்டும் பேச வேண்டும். கம்பைல் செய்யும்போதே வரிகளை விலக்கிவைக்கும் இஃப்டெஃப் போட்டு மறைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் கம்பைலே ஆகவில்லை. இடையில் ஒரு வேரியபிளின் பெயரை மாற்றியிருந்தேன். அடுத்தது, எந்த வரிகள் பேச வேண்டும் என்று எண்ணால் சொல்லும் மாட்யூல் பாராமீட்டர்: 1 என்றால் புரோப் (டிவைஸைக் கண்டு தொடங்கும் கட்டம்), 2 என்றால் ஐ2சி, 4 என்றால் இன்டரப்ட், கூட்டியும் கொடுக்கலாம். ஃபைல் அனுமதி 0644 என்பதால் ஓடும்போதே மாற்றலாம். கொஞ்சம் பெருமையாகவே ரிவியூவுக்கு அனுப்பினேன்.

"கிராஃபிக்ஸ் பார்க்கும் டிஆர்எம் மாதிரி பெரிய இடத்துக்கு இது சரி. உங்க அறுநூறு வரி டிரைவருக்கு எதுக்கு? டெவ்_டிபிஜி போடுங்க, மிச்சத்தை டைனமிக் டிபக் பார்த்துக்கும்" என்றார் சீனியர். எரிச்சலாக இருந்தாலும் அவர் சொன்னது சரி. டெவ்_டிபிஜி வழக்கமாகத் தூங்கும் டிபக் பிரிண்ட்; டைனமிக் டிபக் அதை ஓடும்போதே எழுப்பும் கெர்னல் வசதி. ஃபைல், ஃபங்ஷன், வரி எண் என்று எதை வைத்தும் தனித்தனியாக எழுப்பலாம்; கன்ட்ரோல் ஃபைலில் ஃபங்ஷன் பெயரும் +பி-யும் எழுதினால் போதும். தூங்கும் வரிக்குச் செலவு கிட்டத்தட்ட இல்லை. அணைந்திருக்கும்போதும் கம்பைலர் அதைச் சரிபார்ப்பதால் இஃப்டெஃப் தொல்லையும் இல்லை.

எழுப்பினேன். கன்சோலில் ஒன்றும் வரவில்லை. கெர்னல் கான்ஃபிக், ஸ்பெல்லிங் என்று அரை மணி நேரம் துழாவிவிட்டு, கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் அடித்தால், எல்லாம் அங்கே வரிசையாக இருக்கிறது! கெர்னல் செய்தி ஒவ்வொன்றுக்கும் ஒரு லெவல் உண்டு, எண் கூடினால் முக்கியம் குறைவு; டிபக்கின் லெவல் 7. எங்கள் போர்டின் கன்சோலோ 7-க்குக் கீழே உள்ளதை மட்டும்தான் காட்டும். அதை உயர்த்தப் போன கை பாதியில் நின்றது. வரிகள் மெமரி பஃபரோடு நிற்கின்றன, மெதுவான கம்பி வழியே போகவில்லை. எனக்கு வேண்டியதே அதுதானே.

அன்று மாலை டேட்டா நின்றது. கடைசி இரண்டு வரிகளின் நேரத்துக்கு இடையே 9.8 மில்லிசெகண்ட். ஹேண்ட்லர் தாமதமாக எழுந்து, சென்சாரின் சாம்பிள் வரிசையான ஃபிஃபோவில் 1 இருக்கிறது என்று எண்ணி, அதைப் படிப்பதற்குள் அடுத்த சாம்பிள் உள்ளே வந்துவிட்டது. ஃபிஃபோவில் சாம்பிள் இருக்கும்வரை இன்டரப்ட் லைனின் வோல்டேஜ் கீழே இருக்கும்; அது காலியாகாததால் லைன் கீழேயே கிடந்தது. நான் கேட்டிருந்ததோ இறங்கும் விளிம்பை, அதாவது லைன் மேலிருந்து கீழே இறங்கும் கணத்தை. ஏற்கெனவே இறங்கிக் கிடப்பது மறுபடி எப்படி இறங்கும்?

போர்டின் வன்பொருளை விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் 2 (இறங்கும் விளிம்பு) என்று இருந்ததை 8 ஆக்கினேன், அதாவது லெவல் லோ: லைன் கீழே இருக்கும்வரை இன்டரப்ட். நான்கு நாள் விடாமல் ஓடியது. ஒரு சந்தேகத்தில் பழைய பிரிண்ட்கே-யைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். சாம்பிள்கள் சிதறின, ஆனால் நிற்கவில்லை. முதல் நாளே சில நொடிகளில் கண்ணில் காட்டியதும் இதே பிழைதான். நான்தான் பிரிண்டின் மேல் பழியைப் போட்டு அழித்திருக்கிறேன்.