திகில் துணைநூலும் ஒரு பென்சிலும்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் திகில் கதையாட்டம் கால் ஆஃப் கதுலு. அதன் ஏழாம் பதிப்புக்கான ஒரு துணைநூலைக் கொஞ்ச நாளாகக் குடைந்துகொண்டிருக்கிறேன். மூன்று சாகசங்கள், வழவழ தாள், வயிற்றைக் கலக்கும் ஓவியங்கள். படிக்கும்போது நன்றாகவே பயமாக இருந்தது. அதை வைத்து மட்டும் மார்க் போட முடியாது. அந்த எழுத்து ஆட்டத்தை நடத்துகிற கீப்பருக்கானது. மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் அதில் ஒரு வரிகூடப் படிக்கப் போவதில்லை.

அதனால் பென்சிலை எடுத்தேன். ஆட்டக்காரர்களுக்கு எந்த வழியிலும் தெரியவராத பத்திகளை எல்லாம் அடித்துக்கொண்டே போனேன். முதல் சாகசத்தில் விடுதிக்காரர் தம்பியை ஏன் கொன்றார் என்பதற்கு இரண்டு பக்கம். அருமையான எழுத்துதான். ஆனால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார், சாட்சி இல்லை, கடிதம் இல்லை. ஆட்டத்துக்கு மிஞ்சுவது ஆணியடித்த ஒரு கதவு. இரண்டு பக்கமும் அவுட்.

இரண்டாவது சாகசம் நேர் எதிர். இறந்துபோன பெண்ணின் சலவைக் கணக்கு நோட்டு, ஆட்டக்காரர் கையிலேயே கொடுக்கிற ஹேண்டவுட்டாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு ஒரு படுக்கை விரிப்பு என்று ஆரம்பித்து, போகப் போக ஐந்து. அவள் அந்த வீட்டில் தனியாக இருந்தவள். கூட ஒரு வார்த்தை விளக்கம் இல்லை, பென்சிலுக்கும் வேலை இல்லை. மூன்றாவது பெரும்பாலும் பூதப் பட்டியல், அதை அப்புறம் பார்க்கலாம்.

அடுத்து தடயங்கள். முதல் சாகசத்தில் மேலே போக ஒரே வழி, மறைந்திருப்பதைக் கவனிக்கும் 'ஸ்பாட் ஹிடன்' திறனுக்குப் பகடை உருட்டி ஜெயித்துச் சாவியைக் கண்டுபிடிப்பது. அந்தத் திறனின் அடிப்படை 25 சதவீதம். அதில் புள்ளியே போடாத நான்கு பேர் ஆளுக்கொரு தடவை உருட்டினாலும், நால்வரும் கோட்டைவிட 32 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. கதை அங்கேயே படுத்துவிடும். புஷ் செய்யலாம், அதாவது விளைவுக்குத் துணிந்து மறுபடி உருட்டலாம், சரி. அதிலும் தோற்றால் என்ன ஆகும் என்று எழுதியிருக்க வேண்டுமே?

எழுதியவர் ஆடிப் பார்த்தாரா என்பதைச் சானிட்டி (பாத்திரத்தின் மனத்தெளிவுப் புள்ளிகள்) எண்களே சொல்லிவிடும். ஒரே அடியில் 5 அல்லது அதற்கு மேல் இழந்தால்தான் தற்காலிகப் பைத்தியத்துக்கான உருட்டலே வரும். விடுதியில் பிணம், ரத்தம், கண்ணாடியில் முகம், எல்லாமே 0/1டி4: சானிட்டி உருட்டலில் ஜெயித்தால் இழப்பு இல்லை, தோற்றால் ஒரு நாலு பக்கப் பகடையில் விழுகிற அளவு. நாலு பக்கப் பகடையில் ஐந்து எங்கிருந்து விழும்? பக்கம் பக்கமாக வர்ணித்த கோரத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் தெளிவாகவே நிற்பார்கள். மாடி அறைக்கு மட்டும் 1/1டி6 என்று மாற்றி வைத்திருக்கிறேன். எல்லா இடத்திலும் ஏற்றினால் பைத்தியம் சலித்துவிடும்.

முதலில் இரண்டாவது சாகசத்தைத்தான் நடத்தினேன். நோட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தேன். விரிப்புகளை எண்ணிப் பார்த்த ஒருவர், "நான் மாடிக்கு வரலை, வாசல்லயே நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அதுவரை ஒரு பகடைகூட உருளவில்லை. அந்த ஜந்துவின் புள்ளிவிவரப் பெட்டியைக் கடைசிவரை நான் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

இப்போது விடுதிக் கதையைப் பழுது பார்க்கிறேன். ஆணியடித்த தச்சரின் ரசீது ஒன்றை எழுதியாயிற்று: வேலை நடந்த தேதி தம்பி காணாமல் போனதற்கு முந்தின நாள். சாவிக்கு இன்னும் இரண்டு வழி யோசிக்க வேண்டும்.