அரைப்பேர்: ஹட்டன் நாட்குறிப்பு

2024 செப்டெம்பர் 11, புதன்

நேற்று வர்த்தமானி வந்துவிட்டதாம். எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நாள் சம்பளம் 1350 ரூபா. மே தினத்தன்று கொட்டகலை மேடையில் ஜனாதிபதி 1700 என்றார், கம்பனிகள் நீதிமன்றம் போயின, இப்போது தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது 1350. எங்கள் வரிசை வீடுகளான லயத்தில் யாரும் வெடி கொளுத்தவில்லை. 2021இல் 1000 ரூபா கிடைத்தபோது நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. சம்பளம் ஏறியது, பல தோட்டங்களில் பேருக்கான கிலோவும், அதாவது ஒரு நாள் சம்பளத்துக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் எடையும், கூடவே ஏறியது, வேலை நாள் குறைந்தது.

அம்மா செய்தியை முழுதாகக் கேட்கவில்லை. "எத்தன கிலோவாம்?" என்று மட்டும் கேட்டார்.

செப்டெம்பர் 24, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. அம்மா படங்கைக் கட்டிக்கொண்டு போய், இருட்டும் நேரத்தில் திரும்பினார். மூன்று நிறுவையிலும் சேர்த்து 22 கிலோ. ஈரக் கொழுந்து என்று தண்ணிக்குக் கழிவு, கூடைக்குக் கழிவு. மிஞ்சியது 18. எங்கள் தோட்டத்தில் 20 இருந்தால்தான் முழுப்பேர். ஆக இன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். கழித்த நாலு கிலோவும் ஸ்டோருக்குத்தான், தேயிலைத் தொழிற்சாலைக்குத்தான் போகிறது. அதுவும் தேயிலையாகத்தான் ஆகும்.

அப்பாவுக்கு இன்றைக்கு முழுப்பேர். தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் வேலை. கொடுத்த நிரையை வெட்டி முடித்துப் பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பா சோம்பேறி இல்லை, கவ்வாத்து லேசான வேலையும் இல்லை. ஆனால் அவர் வேலையை யாரும் தராசில் வைப்பதில்லை. 1984 வரை பெண்ணாளுக்குச் சம்பளமே குறைவு. அந்த வருடப் போராட்டத்துக்குப் பிறகு காகிதத்தில் சமமாகிவிட்டது. காகிதத்துக்கு வெளியே, தராசு இருப்பது கொழுந்து மலையில்தான், அங்கே நிற்பது பெண்கள்தான். நிறுப்பவரும் பேர் போடுபவரும் எங்கள் தோட்டத்தில் இதுவரை ஆண்களே.

வந்ததும் அம்மா அடுப்பு பற்ற வைத்தார். அந்த வேலைக்குப் பேரே கிடையாது.

ஒக்டோபர் 1, செவ்வாய்

கொழும்பில் ஒரு கம்பனியில் கணக்குப் பகுதி வேலைக்கு நேர்முகப் பரீட்சை. அழைப்புக் கடிதம் தோட்ட ஆபீஸில் பல நாள் கிடந்திருக்கிறது. ஆபீஸ் பையன் போகிற போக்கில் சொன்னதால் தெரிந்தது.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. எங்கள் லயத்துக் காம்பராக்களுக்கு முகவரி இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம், அவ்வளவுதான். தபால்காரர் ஆபீஸில் மொத்தமாகக் கொடுத்துவிட்டுப் போவார். அதன் பிறகு யார் கண்ணில் படுகிறதோ, யார் மனசு வைக்கிறாரோ. பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் பிந்திக் கிடைத்துத் தவித்த பிள்ளைகளின் கதை மலையகத்தில் நிறைய உண்டு. எங்கள் டிவிஷனில் பி.கொம் முடித்த பெண்கள் குறைவு ஏன் என்று கேட்பவர்கள், முதலில் இந்த ஆபீஸ் மேசையைப் பார்க்கட்டும்.

ஒக்டோபர் 8, செவ்வாய்

கொழும்பு. அறையில் மூன்று பேர். சிங்களத்தில் தொடங்கினார்கள், பதில் சொன்னேன். பிறகு இங்கிலீஷ். அதுவும் போனது. நடுவில் இருந்த அம்மணி தமிழர். நெற்றியில் பொட்டு, நல்ல சேலை. அவரைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் இளகியது உண்மை.

அவர்தான் கேட்டார், "ஹட்டன் டவுனா, தோட்டமா?"

தோட்டம் என்றேன். கல்யாணம் எப்போது, கொழும்பில் எங்கே தங்குவீர்கள், இரவானால் தனியாகப் போவீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எனக்கு முன்னால் உள்ளே போய் வந்த பையனிடம் வெளியே விசாரித்தேன். அவனிடம் கேட்டதெல்லாம் வற் வரிக் கணக்கும் எக்செல்லும்தானாம்.

எழுந்து கதவருகே வந்தபோது அந்த அம்மணி குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உங்க தோட்டத்துப் பக்கம் வீட்டு வேலைக்கு நல்ல பிள்ளை ஒன்று இருந்தால் சொல்லுங்கோ. படிச்ச பிள்ளை வேண்டாம்."

கெட்ட எண்ணத்தில் கேட்டார் என்று தோன்றவில்லை. அதுதான் எரிச்சல். சான்றிதழ்கள் எல்லாம் அவர் மேசையில் விரித்துக் கிடக்க, என்னைப் பார்த்ததும் அவருக்கு அவர் வீட்டுக் குசினி ஞாபகம் வந்திருக்கிறது. பஸ்ஸில் வரும்போது, சிங்களவர் கேட்டிருந்தால் இனவாதம் என்று முடித்திருப்பேன், ஆண் கேட்டிருந்தால் ஆம்பளைப் புத்தி என்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஒக்டோபர் 13, ஞாயிறு

சட்டம் படிக்கும் தோழியிடம் இதைச் சொன்னேன். அவள் ஓர் அமெரிக்க வழக்கைச் சொன்னாள். ஜெனரல் மோட்டர்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் சிலர் போட்டது, 1976இல் தீர்ப்பு. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் நீக்குவது கம்பனி விதி. 1964க்கு முன் அங்கே கறுப்பினப் பெண்களை எடுத்ததே இல்லை, ஆகவே ஆட்குறைப்பு வந்தபோது போனது அவர்கள்தான். நீதிமன்றம் என்ன சொன்னதாம் என்றால், பெண்களை எடுத்திருக்கிறார்கள், அதனால் பால் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு என்றால் கறுப்பின ஆண்களின் வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துத் தனியாக ஒரு வழக்கு கிடையாது. எடுத்த பெண்கள் வெள்ளைக்காரிகள், ஆபீஸில். எடுத்த கறுப்பர்கள் ஆண்கள், தொழிற்சாலையில். கிம்பர்லே கிரென்ஷா என்ற சட்டப் பேராசிரியை 1989இல் இந்தத் தீர்ப்பை எடுத்துத்தான் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினாராம்.

எங்கள் தோட்டத்துக்கு அப்படியே பொருந்துகிறது. தமிழருக்கு இடமில்லையா? கங்காணி தமிழர்தானே. பெண்ணுக்கு இடமில்லையா? கொழும்பு ஆபீஸ் நிறையப் பெண்கள்தானே. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும், என் அம்மா எந்தப் பதிலிலும் இருக்க மாட்டார். இங்கே சாதியையும் சேர்க்க வேண்டும். "தோட்டக்காட்டான்" என்று சொல்பவர் வாயில் இனம், கூலி, சாதி எல்லாம் ஒரே சொல்லாகத்தான் வருகிறது.

ஒக்டோபர் 30, புதன்

நாளை தீபாவளி. முற்பணம் வந்தது, பழைய கடனுக்குப் போனது.

இன்றோடு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு 60 வருடம். 1964இல் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் நாடற்றிருந்த மலையகத் தமிழரைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று. அம்மாயியின் அண்ணன் குடும்பம் நீலகிரிப் பக்கம் போனது. அங்கேயும் தேயிலைத் தோட்டம்தான். இங்கே "இந்தியாக்காரன்" என்றார்கள், அங்கே போனால் "சிலோன்காரன்".

அம்மாயிக்குப் பல வருடம் எந்த நாட்டுக் கடதாசியும் இல்லை. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003இல். "கடதாசி இல்லாமலும் கொழுந்து எடுக்கலாம், அதுக்கு ஒருத்தனும் அடையாள அட்டை கேக்கல" என்பார் அம்மாயி.

நவம்பர் 16, சனி

தேர்தல் முடிவுகள் வந்துவிட்டன. நுவரெலியாவில் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல், இருவரும் பாராளுமன்றம் போகிறார்கள். மலையகப் பெண்கள் அங்கே போவது இதுதான் முதல் தடவை என்கிறார்கள். நேற்றைய தேதியில்தான் 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. அடுத்த வருடம் வாக்கும் போனது.

எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் பட்டாசு கொளுத்தும் அளவுக்கு இல்லை. சந்தாவை அதிகம் கட்டுவது கொழுந்தெடுக்கும் பெண்கள், தலைவர்கள் ஆண்கள், இதுதான் எங்கள் தொழிற்சங்கங்களின் பழக்கம். பாராளுமன்றம் போன இருவரும் இந்தத் தராசுக் கழிவை எழுத்தில் கொண்டுவரச் செய்தாலே போதும்: எவ்வளவு கழிக்கலாம், யார் தீர்மானிப்பது, நிறுவையின்போது தொழிலாளி பக்கம் யார் நிற்பது. அம்மா கேட்பது இவ்வளவுதான்.

கொழும்புக் கம்பனி வருந்துகிறோம் என்று எழுதிவிட்டது. இந்தக் கடிதம் மட்டும் சரியான நேரத்துக்கு வந்தது! தங்கச்சி இப்போது ஆசிரிய கல்லூரிக்கு விண்ணப்பம் நிரப்புகிறாள். என்ன முகவரி போடுவது என்று கேட்டாள். ஹட்டன் டவுனில் மாமா வேலை செய்யும் கடை முகவரியைப் போடச் சொன்னேன். கடைக்காரர் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போட அவளே வர வேண்டுமாம்.