பின்கதவு, கிரீஸ், காக்கிநாடா

கடலில் கவச வண்டி ஓட்டிய கதையைக் கேட்டால் நான் கிரீஸ் டப்பாவில் இருந்துதான் தொடங்குவேன். 2019 நவம்பரில் டைகர் டிரையம்ப் பயிற்சிக்காக விசாகப்பட்டினத்தில் இருந்த நாட்களில் பாதி நேரம் அதோடுதான் போனது. தண்ணீர் புகாமல் தடுக்கும் பின்கதவு ரப்பரைத் துடை, விரலால் தடவிப் பார், கிரீஸ் பூசு. அப்புறம் வண்டியின் அடியில் படுத்து ஒவ்வொரு வடிகால் மூடியையும் முறுக்கிப் பார். சாப், அதாவது எங்கள் மேலதிகாரி, வந்து பார்த்துவிட்டு, "இன்னொரு தடவை" என்பார்.

இந்தியாவும் அமெரிக்காவும் முப்படைகளோடும் சேர்ந்து நடத்திய முதல் பயிற்சி அது. நம் பக்கம் ஜலஷ்வா, ஐராவத் கப்பல்கள். அவர்கள் பக்கம் ஜெர்மன்டவுன் கப்பல். பேரிடரில் சிக்கிய கரைக்குக் கடல்வழியே உதவி கொண்டுபோக வேண்டும் என்பதுதான் பாடம். இறங்கும் இடம் காக்கிநாடா. 1996 நவம்பர் புயலைப் பார்த்த ஊர், பேரிடர் என்றால் என்னவென்று அந்த ஊர்க்காரர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

நான் பிஎம்பி-2 என்ற, தண்ணீரிலும் நீந்தும் கவச வண்டியின் டிரைவர். சுமார் 14 டன் இரும்பு. தண்ணீரில் தள்ள அதற்கு விசிறி எதுவும் கிடையாது, சக்கரங்களைச் சுற்றி ஓடுகிற இரும்புச் செயின்தான் தள்ளும். மணிக்கு 7 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. துறைமுகத்தில் மரைன் என்ற அமெரிக்கக் கடல்சார் படையைச் சேர்ந்த பையன் ஒருவன் வந்து பின்கதவைத் தட்டிப் பார்த்தான். ஏன் இவ்வளவு தடிமன் என்று கேட்டான். உள்ளே டீசல் என்றேன். கதவேதான் டேங்க். சிரித்துக்கொண்டே ஓரடி பின்னால் போய் நின்றான்.

இறங்கும் நாளில் கப்பலின் அடித்தளம் முழுக்கப் புகை, கண் எரிந்தது. கட்டியிருந்த சங்கிலிகளைக் கழற்றினார்கள். முகப்புக் கதவு திறந்து சரிவுப்பாலம் தண்ணீரைத் தொட்டது. நீந்தும்போது வண்டியின் முன்னால் ஓர் அலைத்தடுப்புத் தகடு எழும்பி நிற்கும். உள்ளிருந்து வெளியே பார்க்க வைத்திருக்கும் சாதாரண பெரிஸ்கோப்பில் பார்த்தால் அந்தத் தகடுதான் தெரியும். அதனால் நடுவில் உயரமான ஒன்றை மாட்டியிருப்போம். அதிலும் தெரிவது ஒரு கீற்றுதான். மீதிக்குக் கமாண்டரின் குரலை நம்ப வேண்டும்.

மூக்கு தண்ணீருக்குள் போகும். கண்ணாடி பச்சையாகும். வறண்ட காட்டில் பிறந்து, கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். அந்த ஒரு நொடி எனக்குக் கடைசிவரை பழகவே இல்லை. பிறகு வண்டி தானாக மேலே வரும். காதில் "சீதா, சீதா" என்று கேட்கும். நேராகப் போ என்று அர்த்தம். உள்ளே கசிவதை வெளியேற்றும் பம்ப் கக்கும் தண்ணீர் மேலேயே கமாண்டரின் கண் இருக்கும். கொஞ்சம் வந்தால் சரி, விடாமல் கொட்டினால்தான் பயம்.

உண்மையான சிக்கல் கரையருகில். பின்னாலிருந்து அலை தள்ளும். வண்டி பாதி மிதக்கும், பாதி மணலில் இருக்கும். அலைக்குக் குறுக்காகத் திரும்பிவிட்டால் ஆபத்து. ஒத்திகையில் செயின் மணலைத் தொட்ட உடனே ஆக்சிலேட்டரை மிதித்தேன். செயின் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கயிறு கட்டித்தான் இழுத்தார்கள், மரைன்கள் பார்க்க! இந்த முறை முதல் உரசலை விட்டுவிட்டு, வண்டியின் எடை முழுதாக உட்காரும்வரை பொறுத்து மிதித்தேன். ஏறிவிட்டது.

கரையில் இரு நாட்டுக்காரர்களும் சேர்ந்து கட்டுப்பாட்டு மையமும் மருத்துவ முகாமும் அமைத்தார்கள். நான் அதிகம் பார்க்கவில்லை. உப்பு காய்வதற்குள் நல்ல தண்ணீரில் வண்டியைக் கழுவ வேண்டியிருந்தது. உள்ளே தரையில் தேங்கியிருந்தது இரண்டு சொம்புத் தண்ணீர் இருக்கும்.

எட்டு மாதம் கழித்து, 2020 ஜூலையில், கலிபோர்னியா பக்கம் பயிற்சி முடிந்து கப்பலுக்குத் திரும்பிய அமெரிக்க நீர்நில வண்டி ஒன்று மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்கள். தண்ணீர் கசிந்து உள்ளே ஏறியிருக்கிறது. பராமரிப்பு சரியில்லை என்று விசாரணையில் சொன்னார்கள். செய்தியைப் படித்ததும் கதவைத் தட்டிப் பார்த்த அந்தப் பையன் ஞாபகம் வந்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்டு வைத்திருக்கவில்லை.