கல்தூணும் கவலையும்

மின்வாரியத்தில் வயர்மேன் வேலை எனக்கு. வேலூர் மாவட்டத்தில் கிணற்றுமேடு எங்கே போனாலும் இரண்டு கல்தூண் நிற்கும். மோட்டார் வயரை அதில் சுற்றிக் கட்டிவிட்டு வருவோம். 26 வருஷத்தில் அந்தத் தூண் எதற்கு என்று நான் யாரையும் கேட்டதில்லை.

போன மாசம் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமத்தில் மீட்டர் மாற்றப் போனேன். பழைய ஓட்டு வீட்டை ஊர்க்காரர்களே காட்சிக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். அவரவர் வீட்டுப் பரணில் கிடந்த உரல், படி, ஆழாக்கு, கைலி நெய்த தறியின் நாடா, எல்லாம் இருந்தன. பின்கட்டில் விறைத்துப்போன ஒரு பெரிய தோல் பை. 'நீர் இறைக்கும் கருவி' என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தது.

சாவி வைத்திருந்த பெரியவரிடம் கேட்டேன். "கவலை, தம்பி. பத்து வயசுலயே நான் ஓட்டினது" என்றார். மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும் ஏற்பாடு அது. தெற்கே கமலை என்பார்கள், எங்கள் வடாற்காட்டில் கவலைதான்.

தோளில் இருந்த துண்டை எடுத்து மடித்துக் காட்டினார். அந்தத் தோல் பைதான் சால். சாலின் அடியில் யானைத் தும்பிக்கை மாதிரி நீளமாக ஒரு தோல் குழாய், அதுதான் தும்பி. கயிறு இரண்டு. சாலின் வாய் வளையத்தில் தடித்த வடம், அது மேலே கப்பி வழியாக நுகத்தடிக்குப் போகும். அந்தக் கப்பியைத் தாங்கத்தான் கல்தூண். தும்பியின் நுனியில் வால்கயிறு, அது கீழ் உருளை மேல் ஓடும். மாடு சரிவில் இறங்க இறங்க சால் ஏறும். தும்பி மடிந்தபடியே வருவதால் தண்ணீர் வெளியே போகாது. மேட்டுக்கு வந்ததும் சால் மட்டும் இன்னும் உயரே போகும், வால்கயிறு தும்பியைத் தொட்டிப் பக்கம் இழுக்கும். மடிப்பு நிமிரும், தண்ணீர் தானே கொட்டும். கவிழ்க்க ஆள் வேண்டாம். வால்வு என்று நாங்கள் சொல்கிற வேலையை ஒரு கயிறு செய்திருக்கிறது! மூன்று தரம் செய்து காட்டச் சொன்னேன். வடத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே மாட்டோடு இறங்குவாராம், அவர் பாரமும் சேர்ந்து இழுக்கும்.

சரி, இது அந்த அட்டையில் வர வேண்டாமா? பழைய வெள்ளை அட்டையின் பின்பக்கம் சால், தும்பி, வடம், வால்கயிறு, கப்பி என்று படம் போட்டு எழுதினேன். பெரியவர் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"மாட்ட உட்டுட்டியே தம்பி. வலத்துல செவலை, இடத்துல மயிலை."

அதையும் எழுதிக் கொடுத்தேன்.