டயலாக் பாக்ஸில் ஒரு கட்டம் காலியாக வந்தால்: ஆட்டோலிஸ்ப் குறிப்புகள்

ஃபிளாஞ்ச் (குழாய்களைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) வரைகிற, ஆட்டோகேடின் நிரல்மொழியான ஆட்டோலிஸ்பில் எழுதிய சாதாரண ஸ்கிரிப்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டயலாக் பாக்ஸில் ஐந்து கட்டங்கள்: வெளிவிட்டம், உள்விட்டம், பிசிடி (போல்ட் துளைகளின் மையங்கள் அமையும் வட்டத்தின் விட்டம்), போல்ட் துளைகளின் எண்ணிக்கை, துளை விட்டம். 2 அங்குலம், 150 கிளாஸ் (அழுத்த வகுப்பு) ஃபிளாஞ்ச் என்றால் பிசிடி 120.7, துளைகள் 4, ஒவ்வொன்றும் 19 மி.மீ. பிசிடியை மட்டும் நிரப்பாமல் ஓகே அழுத்தினால் என்ன ஆகும்? பல ஸ்கிரிப்டுகளில் பிழைச் செய்தியே வராது. நான்கு துளைகளும் மையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிளைண்ட் ஃபிளாஞ்ச் (நடுவில் துளையில்லாமல் குழாயை அடைப்பது) வரைந்திருந்தால், நடுவில் 19 மி.மீ. துளை ஒன்று இருப்பதாகத்தான் பார்ப்பவருக்குத் தெரியும். டிராயிங் அப்படியே பட்டறைக்குப் போய்விடலாம்.

காரணம் எளிது. கட்டத்தின் மதிப்பைப் படிக்கும் கெட்-டைல் எப்போதும் சரத்தைத்தான் (எழுத்துகளின் தொடர்) தரும், எண்ணைத் தராது. காலிக் கட்டத்துக்கு அது தருவது வெற்றுச் சரம். சரத்தைத் தசம எண்ணாக்கும் ஏடாஃப் அதை வாங்கி, முணுமுணுக்காமல் 0.0 ஆக்கிவிடும். முழு எண்ணாக்கும் ஏடாய் 0 ஆக்கும். எழுத்துகளைத் தட்டினாலும் இதே 0.0 தான். ‘12,5’ என்று கமா போட்டு அடித்தால் கமாவோடு நின்று 12.0 என்று சொல்லும். ஏடாஃபுக்குத் தோல்வி என்பதே கிடையாது. பயனர் பூஜ்ஜியம் அடித்தாரா, எதுவுமே அடிக்கவில்லையா என்பது அந்த ஒரு வரியைத் தாண்டியதும் யாருக்கும் தெரியாது. ஆகவே சோதனை எண்ணாக மாற்றுவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

இந்த இடத்தில் பலரும் சறுக்குவது நில் (ஆட்டோலிஸ்பில் ‘எதுவுமில்லை’, ‘பொய்’ என்பதைக் குறிக்கும் மதிப்பு) விஷயத்தில். வெற்றுச் சரம் நில் அல்ல. ‘மதிப்பு இருந்தால் வரை’ என்று வெறும் இஃப் போட்டால், வெற்றுச் சரமும் உண்மையாகவே எடுத்துக்கொள்ளப்படும். சோதனை இருந்தும் இல்லாததுதான். வெற்றுச் சரத்தோடு நேராக ஒப்பிடுங்கள். அதற்கு முன் விஎல்-ஸ்டிரிங்-டிரிம் கொண்டு இருபுற இடைவெளிகளையும் வெட்டிவிடுங்கள். ஸ்பேஸ் பாரை ஒருமுறை தட்டிய கட்டம் கண்ணுக்குக் காலி, ஸ்கிரிப்டுக்கு அப்படியில்லை.

எண்ணாக மாற்ற ஏடாஃபை விட்டு டிஸ்டாஃபைப் பயன்படுத்துவது நல்லது. எண்ணாகப் படிக்க முடியாத சரத்துக்கு அது நில் தரும். தசம முறைக்கு இரண்டாவது மதிப்பாக 2 கொடுங்கள். அடி-அங்குல முறையில் வேலை செய்பவர்கள் 4 கொடுக்கலாம்.

இனி முக்கியமான கேள்வி: காலி என்றால் என்ன பொருள்? இதற்கு எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான பதில் கிடையாது. உள்விட்டம் காலி என்றால் பிளைண்ட் ஃபிளாஞ்ச், அது முறையான உள்ளீடு. உள்வட்டம் வரையும் வரியைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். துளை விட்டம் காலி என்றால் கடைசியாகப் பயன்படுத்தியதை எடுக்கலாம். ஆனால் அந்த எண்ணை டயலாக் திறக்கும்போதே செட்-டைல் மூலம் கட்டத்தில் காட்டிவிடுவது மேல். கண்ணுக்குத் தெரியாத இயல்பு மதிப்பை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. பிசிடியும் துளை எண்ணிக்கையும் காலியாக இருந்தால் நிறுத்தியே ஆக வேண்டும். எண்ணிக்கை 0 ஆகி 360-ஐ அதால் வகுத்தால் ஸ்கிரிப்ட் பிழையோடு நிற்கும். அது நல்ல விளைவு. ரிப்பீட்டுக்குள் (சொன்ன தடவை திரும்ப ஓடும் சுழற்சி) மட்டும் அந்த 0 போனால் ஒரு துளைகூட இல்லாத ஃபிளாஞ்ச் சத்தமில்லாமல் வந்து நிற்கும்.

சோதனையை எங்கே வைப்பது? ஒவ்வொரு கட்டத்தின் ஆக்‌ஷன்-டைலில் (பயனர் அந்தக் கட்டத்தை மாற்றும்போது ஓடும் நிரலில்) மட்டும் வைத்தால் போதாது. பயனர் தொடாத கட்டத்தின் ஆக்‌ஷன் ஓடவே ஓடாது. நாம் பிடிக்க நினைப்பதோ தொடாமல் விட்ட கட்டத்தைத்தான். ஓகே பொத்தானின் ஆக்‌ஷனில் ஒரே ஃபங்ஷனை அழையுங்கள். அது முதலில் எரர் டைலை (பெட்டியில் பிழைச் செய்தி காட்டும் இடம்) துடைக்கட்டும். பிறகு கட்டம் கட்டமாகப் பார்த்து, முதல் குறையில் நிற்கட்டும். ‘பிசிடி நிரப்பப்படவில்லை’ என்று கட்டத்தின் பெயரோடு எரர் டைலில் எழுதி, மோட்-டைல் 2 கொடுத்தால் கர்சர் அங்கே போகும். தவறான மதிப்பு இருந்தால் 3 கொடுத்து அதைத் தேர்ந்த நிலையில் காட்டலாம். ஓகே பொத்தானுக்கு நீங்கள் ஆக்‌ஷன் எழுதிவிட்டால் டன்-டயலாக் அழைக்கும்வரை பெட்டி மூடாது. எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் அதை அழையுங்கள். பெட்டி மூடிய பிறகு கெட்-டைலால் பயனில்லை. மதிப்புகளை முன்பே மாறிகளில் சேமித்துவிட வேண்டும். டயலாக் பாக்ஸின் அமைப்பை எழுதிவைக்கும் டிசிஎல் கோப்பில் எரர் டைல் இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் ஓகே-கேன்சல் வரிசையை மட்டும் வைத்திருந்தால் செய்தி எழுத இடமே இருக்காது.

லிஸ்ட் பாக்ஸில் இன்னொரு கண்ணி. எதையும் தேர்வு செய்யாவிட்டால் அங்கும் வெற்றுச் சரம் வரும். ஏடாய் அதை 0 ஆக்கும். வரிசையை 0-இலிருந்து எண்ணும் என்டிஎச் அந்த 0-க்குப் பட்டியலின் முதல் உருப்படியை எடுத்துத் தரும். மெட்டீரியல் பட்டியலில் முதலில் இருப்பது எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) என்றால், தேர்வே செய்யாத ஃபிளாஞ்ச் எல்லாம் எம்எஸ் ஆகிவிடும். 0 இங்கே செல்லுபடியான விடை என்பதால் பிறகு எந்தச் சோதனையும் இதைப் பிடிக்காது.

காலிச் சரத்தைச் சோதிக்காமல், ஆட்டோகேட் கட்டளைகளை ஓட்டும் கமாண்ட் ஃபங்ஷனுக்கு அனுப்புவது இதைவிட மோசம். அங்கே வெற்றுச் சரம் என்றால் என்டர் விசை. டெக்ஸ்ட் கட்டளையில் உயரத்துக்குப் பதில் அது போனால் முந்தைய உயரம் எடுத்துக்கொள்ளப்படும். வேறு சில கட்டளைகளில் கட்டளையே முடிந்துவிடும். மிச்சமுள்ள மதிப்புகள் அடுத்த கட்டளைகளாக ஓட ஆரம்பிக்கும். கமாண்ட் லைனில் சம்பந்தமில்லாத பிழைகள் வரிசையாக வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

டயலாக் இல்லாமல் கமாண்ட் லைனிலேயே கேட்டால் வேலை குறைவு. தசம எண் கேட்கும் கெட்ரியல், முழு எண் கேட்கும் கெட்இன்ட் இரண்டும் வெறும் என்டருக்கு நில் தரும். முன்னால் இனிட்கெட் 7 போட்டால் (1 வெறும் என்டரையும், 2 பூஜ்ஜியத்தையும், 4 எதிர்ம எண்ணையும் தடுக்கும்; மூன்றும் சேர்ந்தது 7) ஆட்டோகேடே மீண்டும் கேட்கும். ஒவ்வொரு ‘கெட்’ ஃபங்ஷனுக்கு முன்னும் இனிட்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். கெட்ஸ்டிரிங்குக்கு மட்டும் இது செல்லாது.

சாலிட்வொர்க்ஸ் என்ற இன்னொரு வரைவு மென்பொருளில் விபிஏ மொழியில் மேக்ரோ எழுதுகிறவர்களுக்குச் சிக்கல் வேறு வடிவில் வரும். இன்புட்பாக்ஸில் காலியாக ஓகே அழுத்தினாலும் கேன்சல் அழுத்தினாலும் திரும்புவது வெற்றுச் சரம்தான். பிரித்தறிய ஸ்டிர்பிடிஆர் (சரத்தின் நினைவக முகவரி) மதிப்பைப் பாருங்கள்: கேன்சலுக்கு அது 0. காலிச் சரத்தை வால் ஃபங்ஷன் 0 ஆக்கிவிடும், சிடிபிஎல் ஃபங்ஷன் பிழை எண் 13-ஐ (மதிப்பின் வகை பொருந்தவில்லை என்ற பிழை) எழுப்பும். அளவுகளுக்கு சிடிபிஎல்லையே வைத்துக்கொள்ளுங்கள். பிழையைப் பிடித்து மறுபடி கேட்பது நான்கு வரி வேலை.