பன்னிரண்டாம் கண்ணியில் இரண்டு

ஒரு நேர்கோடு, அதற்கு வெளியே ஒரு புள்ளி. அந்தப் புள்ளி வழியாக, முதல் கோட்டை வெட்டாத கோடு ஒன்றே ஒன்றுதான் போகும் என்று பள்ளியில் படித்திருப்போம். அப்படிப்பட்ட கோடுகள் எண்ணற்றவை போகும் வடிவியலை லொபச்செவ்ஸ்கியும் போயாயும் 1820, 30களில் தனித்தனியே எழுதினார்கள். அதுதான் அதிபரவளைய வடிவியல். சூத்திரம் சரியாக வந்தது, கைக்குத்தான் எதுவும் அகப்படவில்லை. அமெரிக்கக் கணிதவியலாளர் வில்லியம் தர்ஸ்டன் காட்டிய வழியில் காகித வளையத் துண்டுகளை ஒட்டி மாதிரி செய்தார்கள். நாலு பேர் கையில் போனால் கிழிந்துவிடும். 1997இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த லாட்வியக் கணிதவியலாளர் டைனா டைமினா அதையே குரோஷேயில், அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால், பின்னினார்.

ஸ்வெட்டர் பின்னும் இரட்டை ஊசி இதற்கு உதவாது. வரிசைக்கு வரிசை பெருகும் கண்ணிகள் அத்தனையும் ஊசியிலேயே உட்கார்ந்திருக்கும். குரோஷேயில் எப்போதும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில்.

விறைப்பான அக்ரிலிக் நூல் எடுங்கள். இழுத்தால் நீளும் கம்பளி வேண்டாம். லேபிள் 4 மி.மீ. ஊசி சொன்னால் 3 அல்லது 3.5 எடுத்து இறுக்கமாகப் பின்னுங்கள். 21 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் தொடங்கினால் 20 கண்ணி கிடைக்கும். எல்லாம் சிங்கிள் குரோஷே. (பிரிட்டிஷ் குறிப்புகளில் இதையே டபுள் என்பார்கள். பாதிக் குழப்பம் இங்கேதான்.) இனி 11 கண்ணிக்கு ஒவ்வொன்று, 12ஆவதில் இரண்டு, அதாவது 12 கண்ணி அடுத்த வரிசையில் 13 ஆகும். வரிசை முடிந்தால் ஒரு சங்கிலி போட்டுத் திருப்புங்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். 12 எண்ணும் கணக்கை மட்டும் அடுத்த வரிசையிலும் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். ஒவ்வொரு வரிசையையும் ஒன்றிலிருந்து தொடங்கினால், கூட்டிய கண்ணிகள் ஓரிடத்தில் அடுக்கி நின்று விலா எலும்புபோலத் துருத்தும்.

20 வரிசையில் ஏறத்தாழ 100 கண்ணி, 40 வரிசையில் 490. ஆசைப்பட்டு ஐந்துக்கு ஆறு என்ற விகிதத்தில் போனால் 40ஆவது வரிசையில் 29,000 தாண்டும். அடுக்குக்குறிப் பெருக்கம் என்றால் என்ன என்று கை வலித்தே புரியும்.

பலர் சறுக்குமிடம் வேறு. வட்டமாகப் பின்னும்போது சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் தட்டை வட்டு வரும். 12 கூட்டினால் சுருக்கம் விழுகிறது, ஆனால் அது அதிபரவளையத் தளம் அல்ல. வளைவு முழுவதும் நடுப்புள்ளியில் குவிந்திருக்கும், மற்ற இடமெல்லாம் சாதாரணத் தட்டைதான். மாறாமல் இருக்க வேண்டியது கூட்டும் எண்ணிக்கை அல்ல, விகிதம்.

துணியை மடித்து அழுத்துங்கள். மடிப்புதான் நேர்கோடு. வேறு நிற நூலால் அதன்மேல் தைத்துவிடுங்கள். வரிசை உயரம் அரை செ.மீ. என்றால், அதை 13/12இன் இயல்மடக்கையால் (0.08) வகுக்க 6.25 செ.மீ. வரும். இந்தத் தளம் எவ்வளவு வளைந்தது என்று சொல்லும் 'ஆரம்' அதுவே. கோட்டிலிருந்து 6.25 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி வையுங்கள். அங்கிருந்து கோட்டுக்கு விழும் செங்குத்தைவிட்டு இருபுறமும் 41 பாகைக்கு மேல் விலகும் எந்த மடிப்பும் அந்தக் கோட்டைத் தொடாது. மூன்று மடிப்பால் முக்கோணம் போட்டால் கோணங்களின் கூடுதல் 180க்குக் குறையும். பக்கங்களை எவ்வளவு நீட்டினாலும் பரப்பு 123 ச.செ.மீ.யைத் தாண்டாது. விளக்கிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், மடித்துப் பார்த்தால் நம்புவார்கள்.

மடிப்பு நிற்கவில்லை என்று அயர்ன் பண்ணாதீர்கள். அக்ரிலிக் இளகித் தொய்ந்தால் திரும்ப விறைக்காது.

2005இல் லாஸ் ஏஞ்சலிஸில் மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள் இதே பின்னலைப் பவளப் பாறையாக்கினார்கள். ஒருவர் அறிவியல் எழுத்தாளர், மற்றவர் கலைஞர். கண்டிப்பான விகிதத்தை வேண்டுமென்றே மீறியபோதுதான் உருவங்களுக்கு உயிர் வந்தது. நீங்களும் கடைசி நாலு வரிசையை ஐந்துக்கு ஆறாக மாற்றிப் பாருங்கள், விளிம்பு கோழிக்கொண்டைப் பூவாகச் சுருளும். அந்தத் துண்டில் மட்டும் முக்கோணம் அளக்க வேண்டாம், அதன் ஆரம் இடத்துக்கு இடம் மாறும்.